சூரையை விட்டுக்கொடுத்தவன்

கல் கட்டிய தூண்டிலை ஆழத்தில் இறக்கிச் சூரை மீன் பிடிக்கிற, ஸ்பெயினின் தென்கரை ஊரான பர்பாத்தேக்காரர்களுக்கும் ஓர்க்காக்களுக்கும் நெடுங்காலமாக ஓர் ஏற்பாடு இருந்தது. சூரை மாட்டிய வாசனைக்கே அந்தத் திமிங்கிலங்கள் வந்து நிற்கும். எஞ்சினை நிறுத்தி மீனை விட்டுக்கொடுத்தால் தின்றுவிட்டுப் போய்விடும். இழுத்துப் பிடித்தவனுக்கு வெறும் தலைதான் மிஞ்சும். வயிறெரியத் திட்டுவார்கள். ஆனாலும் அவை படகைத் தொட்டதில்லை.

இப்போது பாய்மரப் படகுகளின் சுக்கானை உடைக்கின்றன என்று கேள்விப்பட்டபோது பர்பாத்தே மீனவன் காசிமிரோ சிரித்தான். உல்லாசமாகச் சுற்ற வருகிற பணக்காரர்களுக்கு ஓர்க்காவிடம் நடந்துகொள்ளத் தெரியவில்லை என்றான்.

அந்தப் பருவத்தின் முதல் சூரையைப் படகில் ஏற்றிய கையோடு, அவன் தங்கை புருஷன் நிக்காசியோ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. காசிமிரோ ரேடியோவில் கரையைக் கூப்பிட்டான். மீட்புப் படகு தூரத்தில் இருக்கிறது, நீங்களே வந்துவிடுங்கள், துறைமுகத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும் என்றார்கள். படகை விரட்டினான்.

பாதி வழியில் பின்னால் கறுப்பு முதுகுகள் எழுந்தன. காசிமிரோ எஞ்சினை நிறுத்தினான்.

“நிறுத்தாத மச்சான். போயிட்டே இரு.”

“நீ பேசாம படு மாப்ள. இதுங்கள எனக்குத் தெரியாதா? மீனைக் குடுத்தா போயிடும்.”

தனியாளாக மூச்சுமுட்ட உருட்டிச் சூரையைக் கடலில் தள்ளினான். ஓர்க்காக்கள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அது பாட்டுக்கு மூழ்கிப்போனது. அடுத்த நொடி படகு அதிர்ந்தது. முட்டி முட்டிச் சுக்கானைப் பிய்த்தெடுத்து, அந்தத் துண்டைத் தள்ளிக்கொண்டே போய்விட்டன. திருப்ப முடியாத படகு நீரோட்டத்தோடு போனது. மீட்புப் படகு வந்தபோது நிக்காசியோவின் கை சில்லிட்டிருந்தது.

அடக்கம் முடிந்தபின் காசிமிரோ காரணம் தேடி அலைந்தான். எவனாவது ஒரு குட்டியைக் குத்தியிருப்பான், அதன் பழிதான் என்று மதுக்கடையில் சொன்னார்கள். அவனுக்கும் அப்படி இருந்தால் தேவலாம் என்றுதான் இருந்தது; பழி என்றால் காறித் துப்பவாவது ஓர் ஆள் கிடைப்பான். ஓர்க்காக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பெண்ணோ உறுதியாக யாருக்கும் தெரியாது, அநேகமாக இளசுகளின் விளையாட்டாக இருக்கும் என்றாள்.

அதைத் தங்கை ரெமெடியோஸிடம் போய்ச் சொன்னான். அவள் அழவில்லை.

“அதுங்க விளையாடுச்சு, சரி. நீ எதுக்குண்ணே நிறுத்தின?”

பழக்கம் என்பதுதான் பதில்.