தண்ணீருக்கு வந்த புற்றுநோய்

ஒப்பீட்டுக்காக வெறும் தண்ணீர் விட்ட எட்டாவது சோதனைக்குழாய்க்கு மூளைப் புற்றுநோய் வந்திருந்தது. முதல் குழாயில் இருந்த நோயாளியோ தண்ணீராகியிருந்தார். ஆய்வக ஊழியை மினேகிஷி தொகிகோவுக்கு உடனே புரிந்துவிட்டது. எட்டுக் குழாய்களும் கோத்த பட்டையை யாரோ இயந்திரத்தில் தலைமாற்றி வைத்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. போன செவ்வாய்க்கிழமை செய்தித்தாள்காரர்கள் படமெடுக்க வந்தபோது, பதினைந்து வருஷமாக இயந்திரத்தின் பக்கமே வராத பேராசிரியர் குசுமி, மடிப்புக் கலையாத வெள்ளை அங்கியோடு வந்து தன் கையாலேயே வைத்தார். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறாமல் இயற்கை அதன்மேல் ஒரு பூட்டைப் போடுகிறதென்றும், அந்தப் பூட்டின் மௌனம் தனக்குக் கேட்கிறதென்றும் சொன்னார். காமிரா அதை நம்பியது.

தொகிகோ மிச்சமிருந்த மாதிரிகளை மறுபடி சோதித்தாள். இரண்டாம் குழாய் தோஃபு கடை ட்சுகுதாவுடையது. வயது எழுபத்தாறு. அவர் கட்டியில் பழுதுபார்க்கும் மரபணு பூட்டிக் கிடந்தது. பூட்டியிருந்தால் மாத்திரை கேட்கும். திறந்திருந்தால் கட்டி அடிபட்ட இடத்தைத் தானே ஒட்டவைத்துக்கொள்ளும். அறிக்கையில் 'திறந்திருக்கிறது' என்று போயிருந்தது. வயசானவரை மாத்திரையால் வதைப்பானேன் என்று மருத்துவர்கள் திங்கள் முதல் கதிர்வீச்சு மட்டும் என முடிவுகட்டியிருந்தார்கள். இன்று வெள்ளி. மற்ற ஆறு பேருக்கும் இன்னும் நாள் இருந்தது.

துணைப் பேராசிரியர் அரிமாவிடம் போனாள்.

"பட்டை தலைமாறிப் போயிருக்குங்க."

"யார் வச்சது?"

"குசுமி சென்சேய்."

"அப்ப மாறியிருக்காது."

"தண்ணிக்குப் புத்துநோய் வந்திருக்கே?"

"தண்ணி அசுத்தம்னு எழுதியிருக்கேன், பாக்கலையா?"

"நானே டாக்டருக்குப் போன் பண்ணிடறேன்."

"பண்ணுங்க. திருத்தின அறிக்கை எங்கேம்பாங்க. அதுக்கு ஆறு பேரோட பெயர் முத்திரை வேணும்." இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்தார். "இதுல 'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல சென்சேய் பேரை எழுத இந்தக் கட்டடத்துல பேனா கிடையாது. உங்க பேருக்கு இருக்கு, மினேகிஷி-சான்."

"மார்ச்சோட என் ஒப்பந்தம் முடியுது. இதுக்கப்புறம் யார் நீட்டுவா?"

"மாத்திரை திங்கக்கிழமை தொடங்கணுமா, வேணாமா?"

தன் பெயரை எழுதி, முத்திரையைக் குத்தினாள். அரிமா படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"நெட்டுக்குத்தலா நிக்குது. இதை யார் மன்னிப்புன்னு நம்புவா?"

அங்கே கீழே இருப்பவர்களின் முத்திரை, இடப்பக்கக் கட்டத்தில் இருக்கும் மேலதிகாரிக்குக் குனிந்து வணங்குவதுபோலச் சாய்ந்திருக்க வேண்டும். வேறு படிவத்தில் சாய்த்துக் குத்தினாள். சாயங்காலத்துக்குள் ஆறும் விழுந்தன. கடைசி முத்திரை மட்டும் நிமிர்ந்து நின்றது. குசுமிக்கு இடப்பக்கம் யாரும் இல்லை.

திங்கட்கிழமை ட்சுகுதா முதல் மாத்திரையை விழுங்கினார். மதியம் குசுமி கூப்பிட்டனுப்பினார். தொகிகோ மேசையைக் காலிசெய்துவிட்டே போனாள்.

"தப்பை ஒத்துக்கற மனசு எல்லாருக்கும் வராது" என்றார் அவர், உண்மையிலேயே நெகிழ்ந்து. "உங்க ஒப்பந்தத்தை அஞ்சு வருஷம் நீட்டச் சொல்லிட்டேன். உங்கள மாதிரி ஒருத்தர் இங்க இருந்தே ஆகணும்."

குனிந்து நன்றி சொன்னாள். வேறென்ன செய்ய?

"வியாழக்கிழமை டிவிக்காரங்க வர்றாங்க. பட்டையை நான்தான் வைக்கப்போறேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க."