குரல் இல்லாத வண்டி

மொத்த விலைச் சந்தைக்கு எதிரே இருக்கும் பிக்கப் ஸ்டாண்டில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. காலையில் வண்டிகள் வந்து நின்றதும், தலைவர் டீக்கடை வாசலிலுள்ள இரும்பு பெஞ்சில் வண்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். டிரைவர்கள் ஒவ்வொருவராக எஞ்சினைக் கிளப்பி ஒரு உறுமல் கொடுக்க வேண்டும். அவர் திரும்பிப் பார்க்காமலே, "மீசை", "சோடாபுட்டி", "மாப்பிள்ளை" என்று பட்டப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவார். பெயர் சொல்லப்பட்டவனுக்குத்தான் அன்றைக்கு லோடு. முகத்தைப் பார்த்தால் தயவு தாட்சண்யம் வந்துவிடும், காதுக்கு அந்த வியாதி கிடையாது என்பது தலைவர் கொடுக்கும் விளக்கம். எஞ்சின் லேசாக இருமினாலும், "உன் வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு, போய்ப் பார்த்துட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் காதுக்கு ஸ்டாண்டே பயந்தது.

அந்தக் காதுதான் போய்விட்டது.

இடது காது போய் இரண்டு வருடம் ஆகிறது. மிச்சமிருந்த வலது காதையும் இந்த மழைக்காலம் வாரிக்கொண்டு போயிற்று. வாழ்நாளெல்லாம் டீசல் எஞ்சினைக் கட்டிக்கொண்டு கிடந்ததற்கு எஞ்சின் செய்த கைமாறு. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. காதில் மாட்டும் மெஷின் ஒன்றை அவள்தான் அழைத்துப்போய் வாங்க வைத்தாள். அதை மாட்டினால் தண்டோரா போட்டது போலாகிவிடும் என்று, அலமாரியில் பழைய போர்வைக்கு அடியில் புதைத்துவிட்டார்.

அப்படியானால் காலையில் பெயர் சொல்வது எப்படி? பெஞ்சின் கால்கள் சிமெண்டுத் தரையில் பதிந்தவை. அதே தரையில்தான் வண்டிகளும் நிற்கும். டீசல் வண்டி நின்ற இடத்தில் உதறும். உதறல் தரை வழியாக வந்து, பெஞ்சில் ஏறி, அவருடைய முதுகெலும்பில் வந்து பேசும். மீசையின் வண்டி பல்லை நறநறவென்று கடிக்கும். சோடாபுட்டியின் வண்டி சீக்கிரம் எழுந்திருக்காது. இரண்டு மூன்று முறை முக்கி முனகித்தான் கிளம்பும். மாப்பிள்ளையுடையது புதுசு, பூனை போல அலுங்காமல் வரும். ஒரு நாளும் தப்பியதில்லை.

பேச்சுக்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அடுத்தவனைப் பேசவே விடுவதில்லை. எங்கே போனாலும் அவர்தான் பேசுவார், அதுவும் எட்டு ஊருக்குக் கேட்கும்படி. யாராவது குறுக்கே வாயைத் திறந்தால் உதட்டைக் கூர்ந்து பார்ப்பார். புரிந்தால் பதில் சொல்வார், புரியாவிட்டால் "சரி, சரி" என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்துவிடுவார். தலைவர் பதவிக்கு இது ரொம்பவும் பொருந்தி வந்தது. நிறையத் தலைவர்கள் நல்ல காதை வைத்துக்கொண்டே இப்படித்தான் இருக்கிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் எலெக்ட்ரிக் பிக்கப்புகள் தெருவில் நடமாடத் தொடங்கின. ஸ்டாண்டில் வேறு பேச்சே இல்லை. மழையில் நனைந்தால் ஷாக் அடிக்குமா, மேம்பாலத்தில் லோடோடு ஏறுமா, நடு வழியில் சார்ஜ் போனால் யார் தள்ளுவது என்று ஒரு கூட்டம். எண்ணெய் மாற்ற வேண்டாம், கிளட்ச் மிதித்து முட்டி தேய வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்குப் போனால் உடம்பில் டீசல் நாற்றம் இருக்காது என்று மாப்பிள்ளை மட்டும் எதிர்க்கட்சி. தலைவர் ஒரே வரியில் வழக்கை முடித்துவைத்தார்.

"குரல் இல்லாத வண்டிக்கு நம்ம வரிசைல இடம் கிடையாது. உறுமத் தெரியாதது வண்டியா? அது சக்கரம் வெச்ச பீரோடா!"

கைதட்டினார்கள். உண்மைக் காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். நடுங்காத வண்டி ஒன்று வரிசையில் வந்து நின்றால் அன்றைக்கே தன் குட்டு உடையும். உடைந்தால் தலைமை போவது கிடக்கட்டும். வண்டியை ஓட்ட யார் விடுவார்கள்? பெற்ற மகளே விடமாட்டாள். ஸ்டீயரிங்கைப் பிடிக்காத காலையை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, எல்லோர் வாயும் அசைவதைப் பார்த்துக்கொண்டு சாகிற வரைக்கும் இருக்க வேண்டும்.

ஆபத்து வெளியிலிருந்து வரும் என்றுதான் அவர் காவல் காத்தார். வந்தது சொந்த வீட்டு வாசலுக்கு.

மகள் ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் அவர் வாசலில் நின்று பல்லைக் குத்திக்கொண்டிருக்கும்போது, மனைவி ஓடிவந்து சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். திரும்பினால், முழங்காலுக்கு ஒரு சாண் தூரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பிக்கப். ஸ்டீயரிங்கில் மகள். முகம் சிவந்திருந்தது.

இறங்கி வந்து நேருக்கு நேர் நின்று கேட்டாள். "எவ்ளோ நேரமா ஹாரன் அடிக்கிறேன்! வேணும்னே நகராம நிக்கிறீங்களா?"

"இதென்ன வண்டி?" என்றார் அவர்.

"என்ன வண்டியா? உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே வாங்கினேன்? போன மாசம் சாப்பிடும்போது, கரண்ட் வண்டி வாங்கி நம்ம ஸ்டாண்டுலயே ஓட்டட்டுமான்னு கேட்டேன். நீங்கதானே சரி சரின்னீங்க? அந்த வார்த்தைய நம்பித்தானே வேலைய விட்டேன்?"

தட்டைப் பார்த்துக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டு, வழக்கம்போலத் தலையை ஆட்டியிருக்கிறார். எதற்கு ஆட்டினோம் என்று இப்போதுதான் தெரிகிறது. மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"நான் எதுக்கோ சரின்னிருப்பேன்," என்று கத்தினார். "ஊமை வண்டிய வீட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துறதுக்கா சரின்னேன்?"

மகள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று இரவு மனைவி அவர் மோவாயைப் பிடித்துத் திருப்பி, உதட்டை நிதானமாக அசைத்து, "அவகிட்ட சொல்லிருங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். காது கேளாத மனிதனுக்கு அதைவிடச் சௌகரியமான கதவு கிடையாது.

மகளுக்கு வேறு போக்கிடம் இல்லை. சந்தையின் லோடு முழுக்க ஸ்டாண்டு வழியாகத்தான் போகும். வரிசையில் பெயர் இல்லாத வண்டி அங்கே காலி வண்டிதான். நாலு நாள் வெளியே நின்று பார்த்தாள். ஒரு வெங்காய மூட்டைகூட ஏறவில்லை. ஐந்தாம் நாள் காலை, பெஞ்சுக்கு முன்னால் வந்து எல்லோருக்கும் பொதுவாகப் பேசினாள்.

"உறுமல் இல்லன்னாத்தானே இடம் இல்ல? எனக்கு ஹாரன் இருக்கு. நடுவுல எங்கயாவது நின்னு அடிக்கிறேன். அப்பா திரும்பிப் பார்க்காம, இது பாப்பா வண்டின்னு சொல்லிட்டா எனக்கு இடம் குடுங்க. சொல்லலன்னா நான் போயிடறேன்."

"நியாயமாத்தான் பேசுது," என்றான் மீசை. "என்ன தலைவரே? உங்க காதுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மறுத்தால் சந்தேகம் வரும் என்று, வண்டிகளுக்கு முதுகைக் காட்டிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் எதிரே குனிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தாவது ஏதாவது தெரிந்துகொள்ளலாம் என்றால், வழுக்கைத் தலைதான் தெரிந்தது.

ஒரு கணக்குப் போட்டார். மகள் முறை வந்தால் முதுகு சும்மா இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் "பாப்பா" என்று சொல்லிவிட வேண்டியதுதான். தினமும் இதே நரகம் வரும், வரட்டும். அவள் வேலையை விட்டது தன் தலையாட்டலை நம்பி.

முதுகில் ஒரு வண்டி பல்லை நறநறவென்று கடித்தது. "மீசை!"

பூனை போல வந்தது. "மாப்பிள்ளை!"

இன்னும் இரண்டு வண்டிகள் முதுகில் ஏறி இறங்கின. இரண்டு பெயரும் சொன்னார். பிறகு முதுகு சும்மா இருந்தது.

இதுதானா? வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு சந்தேகம் தடுத்தது. சோடாபுட்டி இன்னும் வரவில்லையே. அவன் வண்டி எழுந்திருக்க இவ்வளவு நேரம் பிடிக்குமே. அவள் ஹாரனில் கை வைப்பதற்கு முன்பே "பாப்பா" என்று சொல்லித் தொலைத்தால், மகளுக்காகப் பொய் சொன்னதாகத்தானே ஊர் பேசும்? இரண்டில் ஒன்று. முதுகில் லேசாக ஒரு அசைவு வந்த மாதிரி இருந்தது. தன் இதயம்தான் அடித்துக்கொள்கிறது என்று தெரியாமல், அதை நம்பிவிட்டார்.

"என்ன சோடாபுட்டி," என்று உரக்கக் கூப்பிட்டார். "உன் வண்டி இன்னும் தூங்கி எழுந்திருக்கலையா?"

எதிரே கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, வாயைப் பிளந்து அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே தலைவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பினார்.

வெள்ளை பிக்கப்பில் மகள் இரண்டு கையையும் ஹாரன் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து வழிந்தது. டிரைவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். சோடாபுட்டி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். அந்த அலறலுக்கு நடுவே பெற்ற மகள் அங்கே இல்லாத மாதிரி அடுத்தவனைக் கூப்பிட்டாரே, தலைவர் என்றால் இவரல்லவா தலைவர் என்று ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

"ஐயோ, இல்லடா," என்றார். "எனக்குக் கேக்கலடா. எனக்குக் காது செத்துப் போச்சுடா!"

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தான். "போதும் தலைவரே, வயிறு வலிக்குது. இப்பத்தான் நாலு வண்டிய வரிசையாச் சொன்னீங்க. காது செத்துப்போச்சாம்!"

"சத்தியமாடா. தரை நடுங்குறத வெச்சுச் சொன்னேன். இந்த மழைக்காலத்துலேருந்து..."

யாரும் கேட்பதாக இல்லை. இத்தனை நாளும் அடுத்தவனைப் பேசவிடாத வாய், இன்றைக்குக் கெஞ்சியும் ஒருவன் நம்பவில்லை. மகள் இறங்கி வந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. புருவத்தைச் சுருக்கி, எதையோ ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கிறவள் போல அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டி நடந்து அவர் முதுகுப்பக்கம் போய்விட்டாள். வண்டியைக்கூட எடுக்காமல் போகிறாள், நமக்கும் அவளுக்கும் இன்றோடு முடிந்தது என்று நினைத்தார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அப்போது டிரைவர்கள் எல்லோரும் ஒன்றாகத் துள்ளி, வரிசையின் முதலில் நிற்கும் அவருடைய வண்டியைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து பாதியில் நின்றார். பிறகு எல்லா முகங்களும் வண்டியை விட்டு அவரிடம் திரும்பின. சிரிப்பு ஒவ்வொரு முகமாக அணைந்துகொண்டே வந்தது. அவர் ஒன்றும் புரியாமல், அவர்களுக்காக ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

"என்னடா?" என்றார்.

மீசை முகத்தில் ஈயாடவில்லை. "'அப்பா, உங்க வண்டி பத்தி எரியுது'ன்னு உங்க பொண்ணு கத்துச்சு," என்றான். "உங்க முதுகுக்குப் பின்னாடியே நின்னு. மூணு தடவ."

வண்டியைப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. திரும்பினார். மகள் கை எட்டும் தூரத்தில் நின்றாள். கன்னம் நனைந்திருந்தது. அவர் பார்க்கிற மாதிரி முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா சாவிய வாங்கிடுவே பாப்பா."

"ஆமா," என்றாள். "வாங்கத்தான் போறேன்."

கையை நீட்டினாள். அவர் சுற்றிலும் பார்த்தார். யாராவது ஒருவன் வேண்டாம் என்று சொல்லமாட்டானா என்று இருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மீசை அவர் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினான். கைக்குழந்தைக்குச் சோறு காட்டுகிறவன் போல வாயைப் பெரிதாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்.

"உங்க — இடத்துல — பாப்பா — நிக்கட்டும். நீங்க — உக்காருங்க."

மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். எல்லோரும் வாயை அகலமாகத் திறந்து, கையை ஆட்டி, அன்பாக ஏதேதோ சொன்னார்கள். அவர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். இனிமேல் யாரும் அவரிடம் வேறு மாதிரி பேசப்போவதில்லை.