ஐந்தாம் நாள் காளான்

எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் சரக்கறைப் பொறுப்பு என்னுடையது. என் தங்கை சிப்பிக் காளான் வளர்க்கிறாள். வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் வைக்கோல் திணித்த பைகள் தொங்கும். அவற்றின் துளைகளிலிருந்து காளான்கள் கொத்துக் கொத்தாகக் காது நீட்டிக்கொண்டு நிற்கும். விளைச்சலுக்குக் குறைவில்லை, வாங்கத்தான் ஆளில்லை. இந்த மாதத்துக்குள் நிலையான வாடிக்கை ஒன்று அமையாவிட்டால் அறையைக் காலி செய்துவிடுவதென்று முடிவெடுத்திருந்தாள்.

கேன்டீன் மாஸ்டரிடம் பேசினேன். வைக்கோலில் முளைப்பதில் என்ன சத்து இருக்கப்போகிறது என்று இழுத்தார். தங்கை சொல்லித் தந்ததை ஒப்பித்தேன்: பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், மீதியில் புரதம், நார்ச்சத்து, பி வைட்டமின் உண்டு, கொழுப்பு சொற்பம். அவர் கவலை வேறு. எங்களுக்குச் சரக்கு வாரம் ஒருமுறை, திங்களன்றுதான் வரும். வெள்ளிக்கிழமை வரை தாங்கினால் வாரா வாரம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

திங்கள் காலையில் பறித்ததை அன்றே கொண்டுவந்தேன். தங்கை சொன்னபடி கழுவவில்லை. காகிதப் பையில் போட்டு, வாயை லேசாக மடித்து, ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வைத்தேன். செவ்வாய், புதன் இரண்டு நாளும் மாற்றமில்லை. வியாழனன்று ஓரங்கள் சற்றே சுருங்கின. வெள்ளிக்கிழமை பையைப் பிரித்தேன். காம்புகளின் அடியில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

“பூசணம் புடிச்சிருச்சு சார். உங்க தங்கச்சி மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல. ஆனா இருநூறு பேர் வயிறு என் கையில இருக்கு.”

தங்கையை வரச்சொன்னேன். வந்தவள் ஒரு காம்பை எடுத்து முகர்ந்தாள், விரலால் தடவினாள். பச்சையோ கறுப்போ படர்ந்தால், கொழகொழத்தால், வாடை அடித்தால் யோசிக்காமல் தூக்கிப் போட வேண்டியதுதான் என்றாள். பிறகு காம்பை அவரிடம் நீட்டினாள்.

“இது பூசணம் இல்ல மாஸ்டர், காளானேதான். அறுத்து அஞ்சு நாளாச்சு, குளிர்ல கெடக்குது, ஒரு துரும்பு வைக்கோல் கூட இல்ல. இருந்தும் மறுபடி வளரப் பாக்குது.”

மூவரும் குனிந்தோம். மூச்சுப் பட்டாலே அசையும் மெல்லிய இழைகள், பிடித்துக்கொள்ள எதையோ தேடுவதுபோல் நாலாபுறமும் நீண்டிருந்தன. பறித்த காய்கறி வாடுவதை இருபது வருடமாகத் தேதி போட்டு எழுதிவருகிறேன். பறித்து ஃபிரிட்ஜில் வைத்தபின்னும் ஒன்று வளரக் கிளம்பியதை அன்றுதான் கண்டேன்.

மாஸ்டர் அதை இரண்டு முறை முகர்ந்தார். அடிக்காம்பை நறுக்கி எறிந்துவிட்டு, வெங்காயத்தோடு நன்றாக வதக்கி, தனக்கு மட்டும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை தங்கை, சுத்தமாக இருந்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாரம் பதினஞ்சு கிலோ அனுப்பும்மா” என்றார் மாஸ்டர். தட்டைக் கழுவப் போனவர் பாதியில் நின்றார். “உசுரு போச்சா இல்லையான்னே தெரியாத ஒண்ண இத்தன வருஷத்துல இப்பத்தான் நறுக்கறேன்.”

அதன் பிறகுதான் தங்கை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.