வெளியாள், துணையோடு மட்டும்

நெவாடா பாலைவனத்தில், வரைபடக்காரர்கள் வெள்ளையாக விட்டுவிட்ட ஓர் இடத்தில், கர்னல் லைல் ஹென்டர்ஷாட்டுக்கு அன்று நண்பகல் பன்னிரண்டு மணிக்குப் பணி ஓய்வு. அதற்குப் பிறகு ஆறாம் அறையில் இருப்பவரைப் பற்றி அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவே கூடாது. அதுதான் விதி. அவர் இடத்துக்கு வேறு யாரையும் போடவுமில்லை.

ஆறாம் அறையில் இருந்தவர் வேறொரு நட்சத்திரத்துக்காரர். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் வழி தவறி இறங்கியவர். எல்வுட் என்று கூப்பிட்டார்கள். அவர் வந்த கலம் பக்கத்துக் கொட்டகையில் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. ஏறி உட்கார்ந்தால் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் கலம் பரம ரகசியம். அமெரிக்கக் குடிமக்களுக்குத்தான் அதைப் பார்க்க அனுமதி. எல்வுடுக்காகக் கர்னல் வருடா வருடம் விண்ணப்பம் அனுப்பினார். ‘பிறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை’ என்று வருடா வருடம் திரும்பி வந்தது. மனைவி லோர்னா செத்த வாரத்திலும் அனுப்பினார். அந்த வாரத்திலிருந்து அவருக்கு எதுவுமே உறைப்பதில்லை.

பதினோரு மணிக்கு, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியைக் கடைசி முறையாக நீட்டினார்.

“நாளைக்கு யாரு கொண்டாருவா?” என்றார் எல்வுட்.

“யாரும் இல்ல.”

“கொஞ்சம் வருத்தப்பட்டுச் சொன்னா என்ன கர்னல்? நானே உங்களவிட மனுஷன் மாதிரி இருக்கேன்.”

அந்த நேரம் பார்த்து, கொட்டகையில் ஒழுகும் குழாயைச் சரிசெய்ய வந்த ஆள் விசிலடித்துக்கொண்டு நடைவழியில் போனான். பின்னாலேயே ஒரு சிப்பாய். குழாய்க்காரன் கழுத்தில் சிவப்பு அட்டை: ‘வெளியாள், துணையோடு மட்டும்.’ கர்னல் அந்த அட்டையைத் தினமும் பார்த்திருக்கிறார். படித்தது அன்றைக்குத்தான்.

கர்னல் எல்வுடை அழைத்துக்கொண்டு வந்து நின்றதும், கொட்டகை வாசலில் சார்ஜென்ட் ரென்ஃப்ரோ பதிவேட்டைப் பிரித்தான்.

“பேரு?”

“எல்வுட்.”

“என்ன வேலையா வந்திருக்காரு சார்?”

“அவரு வண்டி உள்ள நிக்குது. எடுத்துட்டுப் போக வந்திருக்காரு.”

ரென்ஃப்ரோ எல்வுடின் மூன்று கண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“துணைக்கு நீங்கதானே? அப்ப சரி. இங்க ஒரு கையெழுத்து போடச் சொல்லுங்க.”

ஒரு சிவப்பு அட்டையை எல்வுடின் கழுத்தில் மாட்டிவிட்டான்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குக் கொட்டகைக் கூரை திறந்தது. எல்வுட் கையாட்டினார். கர்னலும் ஆட்டினார். ஏதாவது தோன்றும் என்று சற்று நின்று பார்த்தார். வானத்தில் ஒரு புள்ளி இருந்தது. பிறகு அதுவும் இல்லை. மற்றபடி ஒன்றும் தோன்றவில்லை.

“சார், அந்தாளு அட்டையத் திருப்பிக் குடுக்காமப் போயிட்டாரு!” என்று ரென்ஃப்ரோ ஒரு படிவத்தோடு ஓடிவந்தான். “எங்க தொலைஞ்சுதுன்னு எழுதணும் சார். இல்லன்னா என் தலைதான் உருளும்.”

கர்னல் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

‘கார் நிறுத்துமிடம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் புறப்பட்டார்.