மூன்று தென்னை

அழகிக்கு வந்த கோபத்தில் பிச்சையை அந்த வரப்பிலேயே தள்ளிவிட்டிருப்பாள். புருஷனின் அண்ணனாகப் போய்விட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிச்சையின் வயல் முன்னால், அவள் வயல் உள்ளே. முன்வயலை அறுத்த பிறகுதான் அறுப்பு மிஷின் உள்ளே வர முடியும். அவள் நெல் முற்றிச் சாய ஆரம்பித்துவிட்டது. அவர் வேண்டுமென்றே தாமதமாக நட்டது இன்னும் பாதிப் பச்சை. நாளை மறுநாள் கனமழை என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

“ஓரமா மிஷின் போற அகலத்துக்கு மட்டும் விடுங்க மாமா. அந்த நெல்லுக்கு எங்க நெல்ல எடுத்துக்கங்க.”

“டிவிக்காரன் சொன்னான்னு பச்சப் பயிர அறுக்க நான் என்ன கிறுக்கனா? போன வருஷமும் இப்படித்தான் வந்து குதிச்ச. ஒரு பொட்டு விழுந்துச்சா? பத்து நாள் பொறு. என்னையத் தாண்டித்தான ஒன் வயலுக்கு எதுவும் போகணும்?”

அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளைச் சுட்டது. பதினோரு வருஷமாக உர மூட்டைக்கும் டிராக்டருக்கும் இந்த மனுஷன் முன்னால் கைகட்டி நின்றிருக்கிறாள்.

அவள் வயலுக்குப் பின்பக்கம் வாய்க்கால் ரோடு உண்டு. குறுக்கே மூன்று தென்னை நின்றன. கல்யாணமான வருஷம் அவள் புருஷன் கவியரசன் வைத்தவை, இப்போதுதான் குலை குலையாகக் காய்க்கின்றன. சிங்கப்பூரில் இருந்த அவனுக்குப் போன் போட்டாள்.

“மழை வருமா வராதான்னு இங்கேர்ந்து நான் என்னத்தச் சொல்ல? நீயே பாத்துச் செய்யி” என்றான். நல்ல புருஷன்!

கிழக்கே கொஞ்சம் மேகம் இருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வெட்டினால் மரம் போனது போனதுதான். வெட்டாமல் மழை பிடித்துக்கொண்டால் வருஷச் சோறு போச்சு. சாயங்காலத்துக்கு மேல் மிஷின் கறம்பக்குடிக்குப் போய்விடும். மரம் அறுக்கிற ஆளைக் கூப்பிட்டாள்.

மூன்றும் விழுந்தபோது வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே மிஷினுக்கு வழி காட்டினாள்.

மழை வரவில்லை. சொன்ன நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. பிச்சை வந்து, வெட்டிய அடிமரத்தின் மேல் காலை வைத்துக்கொண்டு சிரித்தார்.

“காய்ச்ச மரத்த வெட்டிட்டு நிக்கிறியே, ஒன் மழை எங்க ஆத்தா?”

“வரலதான். வயிறு எரியுதுதான். நாளைக்கு மறுபடியும் சொன்னாலும் இதத்தான் செய்வேன்.” அழகி அவரை நேராகப் பார்த்தாள். “டிராக்டர், மிஷின் எல்லாம் இனிமே இங்கிட்டு வரும். ஒங்க வரப்புல வந்து நான் நிக்க வேண்டியதில்ல.”

பிச்சை வாய்க்கால் ரோடு வரைக்கும் திறந்து கிடந்த இடத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது.

“மொதல்ல கால எடுங்க மாமா,” என்றாள் அழகி. “இது எங்க வழி.”