மாலியின் ஊரில் பூக்காலம்

ஓமானின் சலாலாவில் கரீஃப் என்னும் மழைக்காலத் தூறல் தொடங்கியிருந்த நேரம். மாலியின் கண்களில் மஞ்சள் ஏறியிருப்பதை முதலில் கவனித்தவள் லீமாதான். ஒரே கிளினிக்கில் லீமா நர்ஸ். தாய்லாந்துக்காரி மாலிக்குப் பிசியோதெரபி பிரிவில் வேலை. வருடக்கணக்காக இருவருக்கும் ஒரே ரூம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஈரல் முழுக்கப் புற்று பரவியிருந்தது. மாலி ஊருக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் லீமாவுக்கு லீவு கிடைத்தது. முதலில் தாய்லாந்து போவதாகச் சொன்னதும் குளச்சலிலிருந்து கணவன் சஜின் போனில் கத்தினான்.

"நீ எதுக்கு அங்க போற? பிள்ளை உன்னயத் தேடிட்டுக் கெடக்கான்."

"ஒரு வாரம்தானே. அவளப் பாத்துட்டு நேரா வந்துருவேன்."

மழைக்காலத்தில் எங்கள் சையபூம் மலைக்காடெல்லாம் பூவாக இருக்கும், கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று மாலி ஒவ்வொரு வருடமும் அழைத்திருந்தாள். இப்போது தகரக்கூரை வீட்டில், வயிறு மட்டும் வீங்கி, எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். லீமாவைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள்.

அவளுடைய அம்மா மூன்று வேளையும் உள்ளூர் வைத்தியர் கொடுத்த கஷாயத்தைக் காய்ச்சி வாயில் ஊற்றினாள். ஊற்றிய மறுநிமிடம் மாலி குடலே வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். அழுதாலும் அம்மா விடவில்லை.

ஒரு மாலையில் அம்மா லீமாவை அடுப்படிக்குக் கூப்பிட்டு, போனை நீட்டினாள். அதிலிருந்த மொழிபெயர்ப்புக் குரல் தமிழில் கேட்டது:

"நீங்கள் செவிலியர். என் மகள் எப்போது குணமடைவாள்?"

"இனி பொழைக்க மாட்டா அம்மா," என்றாள் லீமா மெதுவாக. போனுக்கு அந்தப் பேச்சுத்தமிழ் பிடிபடவில்லை போலும். அம்மா புருவத்தைச் சுருக்கி மறுபடியும் நீட்டினாள். ஜெபிப்போம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். உள்ளேயிருந்து மாலி ஓக்காளிக்கும் சத்தம் கேட்டது. லீமா பள்ளிக்கூடத்துப் பாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"உங்கள் மகள் குணமடைய மாட்டாள். கஷாயம் வேண்டாம். அவள் வேதனைப்படுகிறாள்."

குரல் அதைத் தாய்லாந்து மொழியில் சொல்லி முடித்தது. அம்மா கஷாயப் பானையைத் தூக்கிப்போய் முற்றத்தில் கவிழ்த்தாள். அதற்குப் பிறகு லீமாவின் முகத்தை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பிக்கப்பில் மெத்தை விரித்து மாலியை மலைக்குக் கொண்டுபோனார்கள். மஞ்சள் செடியைப் போன்ற இலை, உச்சியில் இளஞ்சிவப்புப் பூ. பனிமூட்டத்துக்குள் கண்ணுக்கெட்டும் வரை அதுதான். சுற்றிலும் பெண்பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மகளின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மாலி கொஞ்ச நேரம்தான் பார்த்தாள்.

"கோல்ட், லீமா. கோ ஹோம்," என்று கண்களை மூடிக்கொண்டாள்.

லீமா குளச்சலுக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, சலாலா திரும்பி டியூட்டியில் சேர்ந்த பிறகு மாலியின் தங்கை நொய்யிடமிருந்து மெசேஜ் வந்தது. மாலி இறந்துவிட்டாள். கடைசி நாட்களில் வாந்தி இல்லை, கஞ்சி குடித்தாள், தூங்கினாள். அம்மா மட்டும் உங்களோடு பேசமாட்டேன் என்கிறாள், தயவுசெய்து போன் செய்யாதீர்கள்.

லீமா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.