செர்வாவின் தலையில் கிரீம் இருக்கும்வரை

1

இந்தக் கதை ஒரு நெடியிலிருந்து வந்தது. இதைவிடக் கௌரவமான இடத்திலிருந்து வந்ததாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது இவ்வளவே: ஆப்பிரிக்க நகரமான குமாசியில், பல குடித்தனங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றியிருக்கும் என் வளவில், ஒரு சனிக்கிழமை காலை, எல்லோரும் இங்கத்துத் துக்க வழக்கப்படி கறுப்பும் சிவப்புமாக உடுத்திக்கொண்டு சாவு வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு, முற்றத்தைக் கடந்துகொண்டிருந்தேன். மூடிய கதவொன்றின் அடியிலிருந்து முடி நேராக்கும் கிரீமின் நெடி வந்தது. ஒருமுறை கண்ணைக் கரித்தால் பிறகு எங்கே வந்தாலும் தெரிந்துவிடும் நெடி. உள்ளே யாரோ ஒருத்தி சலூனுக்குப் போகாமல் தன் தலைக்குத் தானே போட்டுக்கொண்டிருந்தாள். யாரென்று நான் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போடுகிறாள் என்றால் கேட்காதே என்றுதான் அர்த்தம். அதனால் அந்த அறைக்குள் நானே ஒருத்தியைக் குடிவைக்க வேண்டியதாயிற்று.

[முதல் தொடக்கம்: "காலைச் சூரியன் தகரக் கூரைகளின் மேல் பொன்னை—" வேண்டாம். தகரக் கூரை காலையில் சுட ஆரம்பிக்கும். அவ்வளவுதான்.]

[இரண்டாம் தொடக்கம்: "ஆப்பிரிக்கப் பெண்ணின் கூந்தல் என்பது வரலாற்றின்—" எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும்.]

[மூன்றாவது: "செர்வா கதவைத் தாழிட்டாள்." இது போதும்.]

2

செர்வா சித்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். கட்டட வேலையில் கலவைச் சட்டி தூக்குகிறாள். தளம் போடும் நாளில் சித்தாள்கள் வரிசையாகச் சாரத்தில் ஏறுவார்கள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் போகிறவளின் பின்னந்தலை மட்டுமே தெரியும். அப்படிப் பல வருடம் ஏறியதில், சும்மாடு உட்காரும் உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு முடி தேய்ந்து வழுக்கையாகிவிட்டது.

"அவள் தன் உழைப்பை நினைத்து வெட்கப்பட்டாள்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். சட்டி தூக்காதவர்கள் எழுதும் வாக்கியம் அது. நானும் அந்த வரிசையில் ஏறியவள். கழுத்துவலியைப் பற்றி நினைக்கவே அங்கே நேரம் போதாது.

அவள் வெட்கப்பட்டது ஒரு சிரிப்புக்கு. வளவின் வாசலில், பழைய கப்பல் சரக்குப் பெட்டி ஒன்றில் சலூன் வைத்திருப்பவள் கொனாடு. பலகையில் 'கர்த்தரின் வேளை அழகு நிலையம்' என்று எழுதியிருக்கும். போன மாதம் செர்வாவின் தலையை வகிர்ந்து பார்த்த கொனாடு, கடை நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்கையில் சொன்னாள்:

"அடியே செர்வா, உச்சியில விமானம் எறங்குற அளவுக்கு எடம் விட்டு வச்சிருக்கியே!"

ஒருத்தி சிரித்ததில் வாயிலிருந்த சோளமாவுக் கெங்கே வெளியே வந்துவிட்டது. அடுத்த வாரம் முழுக்கக் குழாயடியில் இதே பேச்சு. "என்ன செர்வா, இன்னிக்கு விமானம் லேட்டா?" "மழை மேகமா இருக்கே, எறங்குமா?" செர்வாவும் கூடவே சிரித்தாள். அதற்குப் பிறகு அந்தச் சலூன் நாற்காலியில் உட்காரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, அவள் தன் மகன் ஓசெய்க்குப் பெண் கேட்டுப் போகிறாள். பெண்ணின் அத்தை கொனாடுவின் வாடிக்கைக்காரி. கொனாடுவின் வாயில் விழுந்தது அந்த அத்தையின் காதில் விழும். பெண் வீட்டில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, எவளாவது ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு 'விமானம்' என்று முணுமுணுத்தால் போதும். ஒரே ஒரு நாள், தன் தலை தன்னைப் பற்றி வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும் என்பதுதான் செர்வாவின் ஆசை. சுருள் முடி நின்ற இடத்தில் நிற்கும். நேராக்கிவிட்டால் முன்பக்கத்து முடியைப் பின்னால் வாரி உச்சியை மூடிவிடலாம். அதுதான் திட்டம்.

(ஒரு குறிப்பு. பொய்முடி வைத்துக்கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவள் சொன்ன பதில்: "இன்னொருத்தி முடியப் போட்டுக்கிட்டுப் பொண்ணு கேக்கப் போனா, கேக்குறது நானா அவளா?" தலைத்துணி கட்டிக்கொள்ளலாமே என்றேன். "வேலைக்குக் கட்டுற துணிய விசேஷத்துக்கும் கட்டவா?" என்றாள். கற்பனைப் பாத்திரங்களோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.)

3

செர்வா கதவைத் தாழிட்டாள். தலையை நாலாக வகிர்ந்தாள். காது, நெற்றி, பிடரி என்று வாஸ்லினைப் பூசினாள். உச்சியில், முடியில்லாத இடத்தில், ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோலத் தாராளமாக அப்பினாள். கிரீம் டப்பாவோடு வந்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் சொருகியிருந்த கண்ணாடியைப் பார்த்தபடி முன்பக்கத்திலிருந்து போட ஆரம்பித்தாள்.

[இந்த இடத்தில் தொழில் தெரிந்தவர்கள் பல்லைக் கடிப்பார்கள். பின்பக்கத்தில் தொடங்கி முன்பக்கத்தில் முடிப்பதுதான் முறை. ஆனால் வீட்டில் தனியாகப் போட்டுக்கொள்கிறவள் கண்ணாடியில் தெரிகிற பக்கத்திலிருந்துதானே தொடங்குவாள்? இந்தத் தப்பை நான் திருத்தப்போவதில்லை.]

முன்பக்கம் அழகாக முடிந்தது. பின்பக்கத்தில் இருட்டில் பானைக்குள் கைவிட்டதுபோலத் துழாவினாள். எங்கே போட்டோம், எங்கே விட்டோம் என்று தெரியவில்லை. விட்ட இடமாக இருக்குமோ என்று போட்ட இடத்திலேயே மறுபடி போட்டாள்.

இன்னொரு தப்பும் நடந்திருந்தது. கிரீம் போடுவதற்கு முந்தின நாள் தலையைச் சொறியக்கூட மாட்டார்கள், இங்கே குழந்தைகளுக்கே தெரியும். கீறல் விழுந்த தோலில் கிரீம் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல இருக்கும். செர்வாவும் சொறியவில்லை. ஆனால் நேற்றுத் தளம் போட்ட நாள். பொழுது சாயும்வரை கலவைச் சட்டி. அடியில் ஈரமான சும்மாடு, தோலை அரைத்துக்கொண்டே. வழுக்கையை வாஸ்லின் காப்பாற்றியது. அதைச் சுற்றியிருந்த தோலை அவள் யோசிக்கவில்லை.

முதலில் குளிர்ந்தது. பிறகு எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பிறகு அந்த எறும்புகளுக்குக் கோபம் வந்தது.

"போதும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "அலசிடலாம்."

4

வியாழக்கிழமையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. ஆனால் செர்வா விவரமானவள். விடியும்போதே அடுத்த தெருக் கிணற்றிலிருந்து ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீரைக் குளியலறையில் கொண்டுபோய் வைத்திருந்தாள். அவளுடைய அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குளியலறை. அதனால்தான் அவளுக்கு அந்தச் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது: தன் தண்ணீர் இன்னொருவன் முதுகில் விழும் சத்தம். கூடவே ஒரு ஞானப்பாட்டு.

"யாரு உள்ள? பாஃபோ அண்ணனா?"

பாட்டு நின்றது. பாஃபோ மினிபஸ் டிரைவர், எதிர் அறைக்காரர். "நான்தான் தங்கச்சி. சாவுக்குப் போகணும். லேட்டாயிருச்சு."

"அது யாரு தண்ணி?"

"எல்லாம் கர்த்தரோட தண்ணிதான்."

"அண்ணே, அது என் வாளி!"

"வாளி உன்னோடதுதான், யாரு இல்லேன்னா? வாளியையா நான் மேல ஊத்துனேன்? பத்திரமா இருக்கு, வந்து எடுத்துக்க." கடைசிக் குவளையும் கவிழ்ந்தது. வாளியின் அடியில் குவளை உரசியது.

[பாஃபோவை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. தண்ணீரைக் காலி செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. முதலில் ஆடு வந்து வாளியைக் கவிழ்ப்பதாக எழுதினேன். ஆடு கவிழ்த்தால் அது விபத்து. மனிதன் குளித்தால் அது வளவு வாழ்க்கை. கதையில் தற்செயல் என்பது எந்த அளவுக்கு அனுமதிக்கத்தக்கது என்ற கேள்வியை இங்கே சற்று விரிவாக—]

"ஏய், எழுதுறவளே!"

[—பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் செர்வா கூப்பிடுகிறாள்.]

"நீ அடைப்புக்குறி போட்டுக்கிட்டு உக்காந்திருக்க நேரமெல்லாம் யாரு தலைல எரியுது? சட்டி தூக்குனவதானே நீ? கீழ நின்னு கதை பேசினா மேல நிக்கிறவளுக்குக் கழுத்து ஒடியும்னு தெரியாதா?"

தெரியும். சுருக்கிக்கொள்கிறேன்.

அறையில் தண்ணீர் பாக்கெட் ஒன்று இருந்தது, அதுவும் பாதி குடித்தது. அதை முன்பக்கத்தில் பீய்ச்சினாள். கிரீம் கரைந்து நெற்றியில் வழிய, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையுறைகளை உருவி எறிந்துவிட்டு, கையில் கிடைத்த துணியைப் புருவத்தோடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

5

"உள்ள யாரு தலைக்கு கிரீம் ஏறுது? நெடி என் கடை வரைக்கும் வருது."

கொனாடு.

"கிரீமெல்லாம் ஒண்ணுமில்ல. கருவாடு."

"எந்தக் கடல் கருவாடுடி இது? எனக்குக் கண்ணு எரியுது." குளியலறைக் கதவு கிறீச்சிட்டது. பிறகு குரல் மாறியது. "பாஃபோ தலை துவட்டிக்கிட்டுப் போறான். உன் வாளி காலியா கெடக்கு. எவ்வளவு நேரமாச்சு போட்டு?"

செர்வா துணியை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"செர்வா, நான் கேக்குறது காதுல விழுதா? எரியுதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம்னு நீ சொன்னா நிறைய. இரு."

செருப்புச் சத்தம் போனது. திரும்பி வந்தபோது கனத்து வந்தது.

[கொனாடுவைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. முதல் பிரதியில் அவள் கெட்டவள். கதவுக்கு வெளியே நின்று பக்கத்து வளவுக்காரிகளைக் கூப்பிட்டாள். நம்ப முடியவில்லை, கிழித்தேன். இரண்டாம் பிரதியில் அழுது மன்னிப்புக் கேட்டாள். அதையும் நம்ப முடியவில்லை. வாயில் வந்த தமாஷை விழுங்கத் தெரியாதவள் அவள். அவளேதான் தண்ணீரும் சுமந்து வருகிறாள். இதற்கு மேல் அவளை என்னால்— சரி சரி, முடித்துவிட்டேன்.]

"கடை டிரம்முல இருந்து ஒரு வாளி தண்ணி கொண்டாந்திருக்கேன். அலசுற ஷாம்பும் இருக்கு. தொற."

"வாசல்ல வச்சிட்டுப் போ அக்கா."

"வச்சிட்டுப் போறேன். பின்னந்தலைல யாரு ஊத்துவா, பாஃபோவா?"

"நீ பாத்தா ஊருக்குத் தெரிஞ்சிரும்."

"அன்னிக்குச் சொன்னது தமாஷுடி."

"சொன்னவ நீ, சுமந்தவ நான். சட்டி போதாதுன்னு அதையும் என் தலைல வச்ச."

வெளியே வாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் சத்தம்.

"அந்தப் பொண்ணோட அத்தைகிட்டச் சொல்ல மாட்டேன்னு சொல்லு அக்கா."

"சொல்ல மாட்டேன்." கொனாடு கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அவ தலைக்கு நான் எண்ணெய் வைக்கும்போது, நீ கருவாடுன்னு சொன்னது ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துருச்சுன்னா என்னடி பண்ணுவேன்?"

6

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்று: செர்வா திறக்கிறாள், இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். கொனாடு சாவுக்குப் போகக் கறுப்பு உடுத்தியிருக்கிறாள். கிரீம் பட்டால் சாயம் போய்விடும். அவள் கட்டிப்பிடிக்க மாட்டாள்.

இரண்டு: செர்வா திறக்கவில்லை. மறுநாள் தலையில் பொக்குளங்களோடு, தலைத்துணி கட்டிக்கொண்டு, நிமிர்ந்து பெண் கேட்டுப் போகிறாள். படிப்பதற்கு வீரமாக இருக்கும். பொக்குளத்தோடு திங்கட்கிழமை சட்டி தூக்கப்போவது அவள், வீரம் எனக்கு.

மூன்று: மழை பெய்கிறது. மன்னித்துவிடுங்கள்.

"திறந்தாள்" என்று ஒரே வார்த்தை எழுதினால் முடிந்துவிடும். எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. நாளைக்குச் சிரிப்பு எழுந்தால் அது விழப்போவது அவள் தலையில்.

ஆகவே நிலைமை இது. செர்வாவின் இரண்டு கையும் நெற்றித் துணியில் இருக்கின்றன. எடுத்தால் கிரீம் கண்ணுக்குள் இறங்கும். கொனாடுவின் கையில் வாளி. என் கையில் பேனா. இந்த அறையில் கை சும்மா இருப்பது உங்களுக்கு மட்டும்தான். தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கம். மேலே தூக்கிவிட்டு இழுக்க வேண்டும்.

திற என்று செர்வா சொல்லவில்லை. திறக்காதே என்றும் சொல்லவில்லை. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், நீங்களும் வேண்டுமானால் கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி, ஒன்றேதான் சொல்கிறாள்:

"எரியுது."